ருசி பார்த்த கையெழுத்து

அந்த ஜன்னலை முழுசாகத் திறந்துவிடுங்கள் சார். பின்னால் யாரோ மீன் கூடையோடு ஏறியிருக்கிறார்கள். கண்டக்டரிடம் சொன்னால், "லக்கேஜ் போட்டாச்சு" என்கிறான். லக்கேஜ் போட்டுவிட்டால் நாற்றம் போய்விடுமா? சிவகங்கை வரைக்கும்தானே, பொறுத்துக்கொள்வோம். நீங்களும் அங்கேதானா? நல்லதாய்ப் போயிற்று.

என் பெயர் தெய்வநாயகம். சத்துணவு அமைப்பாளர். இருபத்தெட்டு வருடம் ஒரே பள்ளிக்கூடம். மடியில் இருப்பது என்ன என்று பார்க்கிறீர்கள். பதிவேடுகள். மஞ்சள் துணியில் கட்டி எடுத்துப் போகிறேன், பஸ்ஸில் கண்ட கை பட்டு அழுக்காகக் கூடாது. இன்றைக்கு மாவட்ட ஆபீஸில் விசாரணை. என் மேல் இல்லை சார், பதறாதீர்கள். எங்கள் சமையலர் மேல். சந்தனமாரி என்று பெயர். அரசாங்கப் பொருளைத் திருடினாள். புகார் கொடுத்தது நான்தான். இரண்டு மாதமாக வேலையில் இல்லை. இன்றைக்கு நிரூபணமாகிவிட்டால் அவ்வளவுதான், வேலை போனது போனதுதான். புருஷன் இல்லாதவள்தான், எனக்கும் தெரியும். அதற்காகத் திருட்டுக்கு வேறு பெயர் வைக்க முடியுமா?

முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

போன ஆடி மாதம் எங்கள் ஒன்றியத்து அமைப்பாளர்களை எல்லாம் கூட்டம் போட்டு அழைத்தார்கள். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிலிருந்து மெர்லின் என்று ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயசு. மேஜை மேல் ஒரு டின். திறந்தார் பாருங்கள், முன் வரிசையில் இருந்த நான் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டேன். மீன் பொடி சார். சூடை, காரல் என்று பொடி மீன் இருக்கிறதாமே, அதை முள்ளோடு காயவைத்து, அரைத்து, டின்னில் அடைத்து வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் வீதம் சாம்பாரில் கலக்க வேண்டுமாம். பத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் சோதனை. பிள்ளைகள் எடை ஏறினால் மாநிலம் பூராவும் வருமாம்.

நான் எழுந்து கேட்டேன். "மேடம், இந்த மீனெல்லாம் கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாப் போறது. கோழிக்குப் போறதைப் பிள்ளைகளுக்குப் போடச் சொல்றீங்களா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. சிரித்தார். "சார், மீனைக் கோழிக்குப் போட்டு, கோழி முட்டை போட்டு, அந்த முட்டை உங்க ஸ்கூலுக்கு வந்து சேர்றதுக்குள்ள வழியில எவ்வளவு வீணாகுது? நேராப் பிள்ளைங்க தட்டுக்கே போகட்டுமே. கொஞ்சம் மீன் போதும். கடலும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும்."

கை தட்டினார்கள். நம் ஆட்கள்தான் தெரியுமே, மைக்கில் யார் என்ன சொன்னாலும் தட்டுவார்கள்.

நான் சைவம் சார். பிறவிச் சைவம். எங்கள் பள்ளிக்கூடத்தில் எண்பத்தி நான்கு பிள்ளைகள். ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் ஒருத்தன்தான். என்னிடம் யார் கேட்டார்கள்?

முட்டை மட்டும் போடுகிறீர்களே என்று நினைப்பீர்கள். முட்டையை நான் தொடுவதில்லை. எண்ணுவேன். எண்ணுவதற்குத் தொட வேண்டியதில்லை.

டின் வந்து இறங்கிய அன்றைக்கு இந்தச் சந்தனமாரி செய்ததைச் சொல்ல வேண்டும். அவள் தொண்டிப் பக்கத்துக்காரி, கடற்கரை. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். டின்னுக்குள் முகத்தை விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். கோவிலில் சாம்பிராணியை முகருவார்களே, அப்படி.

"சார், எங்க ஊரு வாசம்!" என்றாள். "இதைச் சாம்பார்ல கொட்டுனா வீண் சார். வெறும் சட்டில வறுத்து, நாலு பூண்டும் வத்தலும் தட்டிப்போட்டு, தேங்காத் துருவி இறக்குனா, புள்ளைக சோத்தைச் சட்டியோட கேட்கும்."

"சர்க்குலர்ல என்ன இருக்கோ அதைச் செய்" என்றேன்.

செய்தாள். சமையலறைப் பக்கம் போக முடியவில்லை. ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது. அதுதான் சார் என் கஷ்டமே. ருசிப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்களா? பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் அமைப்பாளர் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்க்க வேண்டும். உப்பு சரி, வெந்தது சரி, கெடுதல் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளைகள் தட்டில் விழும். மற்ற மையங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திங்கட்கிழமையே ஐந்து நாளைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வெட்கம் கெட்ட பிறவிகள். நான் இருபத்தெட்டு வருடத்தில் நாக்கில் வைக்காமல் ஒரு நாள் கையெழுத்துப் போட்டதில்லை. காய்ச்சலில் கசந்த நாக்கோடு ருசி பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கும் பார்த்தேன். வைத்தேன் நாக்கில். அவ்வளவுதான், சுவர் ஓரமாகப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட இட்லி, முந்தின நாள் சாப்பிட்டது, எல்லாம். நிமிர்ந்து பார்க்கிறேன், மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் நின்று சிரிக்கிறது. "சார் மசக்கைடா!" என்று ஒரு வாண்டு கத்துகிறது.

சரி, பிள்ளைகளாவது துப்புவார்கள் என்று பார்த்தேன். துப்பவில்லை சார். இன்னொரு கரண்டி கேட்டார்கள். வழித்து வழித்துத் தின்றார்கள். கழுவுகிற தொட்டியில் ஒரு பருக்கை விழவில்லை. இதற்கு முன்னால் தினமும் அரை வாளி விழும். இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனால் என் சம்சாரம் வாசலிலேயே மறித்துவிட்டாள். "அங்கேயே நில்லுங்க. கொல்லைப் பக்கமாப் போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க." சட்டையைக் குச்சியால் தூக்கி வாளியில் போட்டாள். அறுபதை எட்டப்போகிறவன், கொல்லையில் நின்று நடுங்கிக்கொண்டு குளிக்கிறேன். எதற்கு? கோழித் தீவனத்துக்கு.

அன்று முழுக்க யோசித்தேன். பொடி கலந்தால் நான் ருசி பார்க்க முடியாது. ருசி பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. என்னால் முடியாது. அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். சாம்பாரைச் சாம்பாராக வைக்க வேண்டும். வேறு வழி இருக்கிறதா?

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தென்னை நிற்கிறது. வியாழக்கிழமை சந்தனமாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எண்பத்தி நாலு ஸ்பூன் அளந்து எடு. தென்னந்தூருல போட்டு மண்ணை மூடு."

அவள் டின்னையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சார், எண்பது புள்ளைக திங்கிறதை மரத்துக்குப் போடச் சொல்றீங்க."

"மரமும் உயிர்தான்."

"மரம் பள்ளிக்கூடத்துக்கா சார் வருது?"

வாய் அவளுக்கு எப்போதுமே நீளம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வராண்டாவில் நின்று, அவள் போட்டு மூடுகிற வரைக்கும் பார்த்தேன். ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் அப்படித்தான். ஒரு ஸ்பூன் என் வீட்டுக்குப் போனதில்லை, ஒரு ஸ்பூன் விற்றதில்லை. பொருள் பதிவேட்டில் இரண்டே பத்திதான் உண்டு, இருப்பு என்று ஒன்று, செலவு என்று ஒன்று. செலவு என்று எழுதினேன். செலவானது செலவுதானே சார்? 'பிள்ளைகள் தின்றது' என்று ஒரு பத்தி இருந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அதிலிருந்து தென்னை பாளை பாளையாகத் தள்ளியது. ஏற்கெனவே முற்றி நின்றதில் நாற்பது காய் பறித்துப் பிள்ளையார் கோவிலுக்குக் கொடுத்தேன். வீட்டுச் சட்னிக்கு ஒன்று எடுக்கவில்லை. சங்கத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள் என்பதால் மற்ற அமைப்பாளர்களும் வந்து யோசனை கேட்டார்கள். ருசிப் பதிவேட்டில் பொய் எழுதாதீர்கள் என்றேன். ஆறு பேருக்கு அது சரியென்று பட்டது. அவர்கள் பள்ளிக்கூடத்திலும் மரம் இருக்கிறது.

இப்போது அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். காளீஸ்வரி என்று இரண்டாம் வகுப்பு. அப்பனும் ஆத்தாளும் கருவேலத்தை எரித்துக் கரிமூட்டம் போடுகிற வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். பிள்ளை அத்தை வீட்டில். கையும் காலும் கருவேலஞ்சுள்ளி மாதிரி. வரிசையில் நின்றால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். முதல் மாதம் எடை பார்க்கும்போது பதினாலு கிலோ இருநூறு. ஏழு வயசுப் பிள்ளைக்கு.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இந்தப் பொண்ணு இன்னும் இறங்கினா ஆஸ்பத்திரில சேர்க்க வேண்டியிருக்கும். காய்ச்சல் ஒண்ணு வந்தாலே தாங்காது. கொஞ்சம் தனியாக் கவனிச்சுக்கோங்க."

"அரசாங்க அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்" என்றேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி கூட என்றால் நாளைக்கு எண்பத்தி மூன்று பிள்ளைகளின் அப்பனும் வந்து நிற்பானா இல்லையா? பக்கத்தில் சந்தனமாரி நின்றாள். கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாலாவது மாதம் எடை பார்த்தார்கள். யாருக்கும் பெரிசாக ஒன்றும் ஏறவில்லை. நான் முதல் நாளே சொன்னேன், அந்தப் பொடியில் ஒன்றும் கிடையாது என்று. வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். காளீஸ்வரி ஏறி நின்றது. பதினஞ்சு கிலோ எண்ணூறு. டாக்டரம்மா இறங்கச் சொல்லி, பாவாடைப் பையில் கல் கில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மறுபடி ஏற்றினார். அதே பதினஞ்சு எண்ணூறு. அதுவரைக்கும் நானும் கவனிக்கவில்லை, அந்தப் பிள்ளை சுவரைப் பிடிக்காமல் நின்றது. இறங்கியதும் ஓடி வந்து என் காலை மிதித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. திமிர்.

"என்னக்கா குடுத்தீங்க இவளுக்கு?" என்று டாக்டரம்மா சந்தனமாரியைக் கேட்டார். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், சமையல்காரியை அக்கா என்கிறார்.

சந்தனமாரி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் குடுக்குறதுதான்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எல்லாருக்கும் கொடுக்கிறதில் ஒருத்திக்கு மட்டும் எப்படி ஒன்றரைக் கிலோ ஏறும்?

மறுநாள் பதினோரு மணி இன்டர்வல் மணி அடித்ததும் சமையலறைப் பின்கதவுப் பக்கம் போய் நின்றேன். காளீஸ்வரி பூனை மாதிரி வருகிறது. சந்தனமாரி அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுக்கிறாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சோற்றில் பொடியைப் பிசைகிறாள். பூண்டு, வத்தல், தேங்காய், எல்லாம் போட்டு வறுத்த பொடி. உருட்டி உருட்டி அந்தப் பிள்ளை கையில் வைக்கிறாள். அது வாயைக்கூடத் துடைக்காமல் தின்கிறது. நேராக உள்ளே போனேன்.

"என்னது அது?"

பிள்ளை ஓடிவிட்டது. இவள் ஓடவில்லை. டப்பாவை மூடக்கூட இல்லை.

"பார்த்தாத் தெரியலையா சார்? பொடி."

"அரசாங்கப் பொருளு. தென்னைக்குன்னு எடுத்ததுல திருடியிருக்கே."

"ஆமா சார். வாரம் நாலு கரண்டி. தென்னைக்குப் போறதுல நாலு கரண்டி குறைஞ்சா தென்னை அழவா போகுது?"

"செலவுன்னு எழுதின பொருள் உன் டப்பாவுல இருந்தா அதுக்குப் பேரு திருட்டு."

"அப்ப மண்ணுல இருந்தா?"

இந்த மாதிரி ஆட்களோடு பேசக் கூடாது சார். பேசினால் நம்மையும் அவர்கள் மட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். டப்பாவைத் தாளில் சுற்றி, ஹெச்.எம். முன்னால் முத்திரை வைத்து, அன்றைக்கே புகார் எழுதினேன். இரண்டு நாளில் அவளை நிறுத்திவைத்தார்கள். போகும்போது வராண்டாவில் நின்று சத்தமாகக் கேட்டாள், "விசாரணைக்குச் சாட்சி வேணும்ல சார், தென்னமரத்தைக் கூட்டிட்டு வரவா?" டீச்சர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். பொடி தென்னைக்குப் போனதைத்தான் இன்றைக்கு விசாரணையிலும் சொல்லப்போகிறாளாம். சொல்லட்டும். வாயால் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? பதிவேடு இருக்கிறது. இருப்பு, செலவு, எல்லாம் என் கையெழுத்தில். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

சோதனை முடிவு போன வாரம் வந்துவிட்டது. அதன் நகலும் இதற்குள் இருக்கிறது. பத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழில் ஒரு பலனும் தெரியவில்லையாம். மூன்றில் ஏறியிருக்கிறதாம், ஆனால் மூன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பொடி மீன் பழையபடி கோழித் தீவன மில்லுக்கே போகிறது. டாக்டரம்மா மட்டும் போனில் கேட்டார், "அந்தக் காளீஸ்வரி எப்படி சார் ஏறினா? அது ஒண்ணுதான் எனக்குப் புரியவே இல்லை" என்று. குரல் ஒரு மாதிரியாக இருந்தது, அழுதாரோ என்னவோ. எடை மிஷினில் கோளாறு இருக்கும் மேடம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது பொய். சமையலர் திருட்டு விஷயம் விசாரணையில் இருக்கிறது, அதைப் பற்றி நான் பேசக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முந்தாநாள் எடை பார்த்தேன். அவர்கள் வரவில்லையென்றாலும் மாதம் ஒரு முறை நான் பார்த்து எழுதிவிடுவேன். காளீஸ்வரி பதினாலு கிலோ முந்நூறு. அப்படியே எழுதினேன், கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. மிஷினை விட்டு இறங்கும்போது அந்தப் பிள்ளை கேட்கிறது, "சார், சந்தனக்கா எப்ப வரும்?"

"வராது" என்றேன்.

"அப்ப நான் இன்டர்வலுக்கு எங்க போக?"

பாருங்கள், எப்படிப் பழக்கி வைத்திருக்கிறாள் என்று. எல்லாப் பிள்ளைகளும் எங்கே போகிறதோ அங்கே போ என்றேன். சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளைதான். சமையலறைப் பக்கம் இப்போது வருவதே இல்லை. ஓட்டம், காலை மிதிக்கிறது, ஒன்றும் கிடையாது. அந்தப் பிள்ளையின் டீச்சர்கூட நேற்றுச் சொன்னார்கள், "இப்ப ரொம்ப அடங்கிட்டா சார். மணி அடிச்சாக்கூட எந்திரிக்கிறதில்லை. பெஞ்சுல தலையைச் சாய்ச்சு அப்படியே படுத்துக்கிறா."